பதினெட்டாம் தேதி வரை

14 மார்ச் 2021, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையின் சேகரக் கமிட்டி கூடியது. கோயில் மறுபடி திறந்ததிலிருந்து இதே பேச்சு. பெஞ்சுக்கு இரண்டு பேரா மூன்று பேரா, பாடலாமா கூடாதா, மாஸ்க் போடாதவரை வாசலில் நிறுத்த யாருக்குத் தைரியம் இருக்கிறது. கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன் என்பதற்காக என்னைக் கமிட்டியில் சேர்த்தார்கள். நான் சொல்வதைக் கேட்பதற்காக அல்ல என்பது இரண்டாவது கூட்டத்திலேயே தெரிந்துவிட்டது.

மகாராஷ்டிரத்தில் எண்ணிக்கை ஏறுகிறது, இங்கும் வரும், ஈஸ்டர் முடியும்வரை யூடியூபில் மட்டும் நடத்தலாம் என்றேன். செயலாளர் மனோகரன் அண்ணாச்சி சிமெண்ட் ஏஜென்சி வைத்திருப்பவர். குரலுக்கும் அந்த எடைதான்.

“டீச்சர், நேத்து டவுன்ல நடந்த எலெக்‌ஷன் கூட்டத்தப் பாத்தியளா? லாரி லாரியா ஆள் எறக்குதாவ. அங்கெல்லாம் வராத கொரோனா, நம்ம எட்டு மணி ஆராதனைக்கு மட்டும் பைபிளக் கக்கத்துல வச்சுட்டு வருமாக்கும்?”

எல்லோரும் சிரித்தார்கள். ஐயரும் சிரித்துவிட்டு, பிறகு நினைவு வந்து போதகருக்குரிய முகத்தைப் போட்டுக்கொண்டார். அண்ணாச்சி சொன்னதில் பாதி நியாயம். அங்கே கூடுவது தப்பு என்பதால் இங்கே கூடுவது சரியாகிவிடாது என்ற மறுபாதியை நான் சொன்னபோது டீ வந்துவிட்டது.

வீட்டில் அம்மா காலண்டரில் ஏப்ரல் 18-ஐச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள். ஐயரிடம் தானே பேசி நாள் வாங்கிவிட்டாளாம். அப்பாவுக்கு அடக்க ஆராதனை. அடக்கம் பண்ணி எட்டு மாதம் கழித்து.

போன ஆகஸ்டில் அப்பா கோவிட் வார்டில் இறந்துபோனார். கவச உடை போட்டவர்கள் கயிற்றில் இறக்கி மூடினார்கள். ஐயர் கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே நின்று ஒரு சிறு ஜெபம் சொன்னார். எனக்கும் அம்மாவுக்கும் பாசிட்டிவ். இந்த வீட்டுக்குள் இருந்தோம். முப்பது வருடம் ஞாயிறு பள்ளி நடத்திய மனிதருக்கு ஒரு பாட்டுக்கூடப் பாடவில்லை. அம்மா அதை அழுது சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவள் சொல்லாமலே சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு வந்தாள்.

“அன்னைக்கு நெலம எப்படி இருக்குமோ” என்றேன்.

“அது ஆண்டவருக்குத் தெரியும்” என்றாள். இதற்கு மேல் எந்த விவாதமும் நகராது.

20 மார்ச், சனி

அம்மாவுக்கு முதல் ஊசி போட்டாயிற்று. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, நன்றியும் இல்லை.

ரெத்தினபாய் சித்தியையும் அழைத்துப் பார்த்தேன். உறவு ஒன்றும் இல்லை. ஆசிரியப் பயிற்சிக் காலத்திலிருந்து அம்மாவின் சிநேகிதி. கடும் சர்க்கரை. மகன் கனடாவில். ஒரு வருடமாக மாடியை விட்டு இறங்கியதில்லை; காய்கறிக்குக் கயிற்றில் கூடை இறக்கி ஏற்றிக்கொள்கிறார்.

“ஊசி இப்ப வேண்டாம்டி. கனடாக்காரன் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கான்.”

“அவன் கம்ப்யூட்டர் படிச்சவன் சித்தி.”

“அதான் யோசிக்கேன். சரி, கோயிலுக்கு எப்ப வரலாம்? அந்த ஐயர் வாங்க வாங்கன்னுதான் சொல்லுவாரு, அது அவரு வேல. நீ சொல்லு. நீ சொன்னா வாரேன்.”

இப்போது வேண்டாம் என்றேன். இந்தச் சபையில் நான் சொல்வதைக் கேட்கிற ஒரே ஆள்.

28 மார்ச்

குருத்தோலை ஞாயிறு. பவனி வேண்டாம் என்று தீர்மானம் போட்டிருந்தோம். பவனி நடந்தது.

2 ஏப்ரல், பெரிய வெள்ளி

இன்றைக்கு மும்மணி ஆராதனை. விதிமுறைகளை நான்தான் வகுத்தேன். பெஞ்சுக்கு இருவர், ஜன்னல் எல்லாம் திறப்பு, பாடகர் குழுவில் நான்கு பேர் மட்டும். மூன்று மணி நேரமும் ஒழுங்காக நடந்தது. எனக்கே ஆச்சரியம்.

முடிந்ததும் கஞ்சி. வருடா வருடம் ஊற்றுவதுதான். ஆராதனை அட்டவணையில் கஞ்சி இல்லை என்பதால் என் விதிமுறையிலும் இல்லை. உள்ளே மூன்று மணி நேரம் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்த அதே ஜனம் பாரிஷ் ஹாலில் மாஸ்க்கைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, தோளோடு தோள் உரசி, துவையல் வாளி எங்கே என்று கத்திக்கொண்டிருந்தது. “அண்ணாச்சி, இது என்ன?” என்றேன்.

“கஞ்சி டீச்சர். ஒங்களுக்கும் எடுத்து வச்சிருக்கு.”

திரும்பிப் பார்த்தால் அம்மா அந்தக் கூட்டத்தின் நடுவே இருந்தாள். ஒரு கிண்ணம் முடித்து இரண்டாவது கேட்டாள். பக்கத்திலிருந்தவர் அப்பாவைப் பற்றி ஏதோ சொல்ல, வாயில் கஞ்சியோடு சிரித்தாள். துவையல் அவள் தாடையில் ஒட்டியிருந்தது. எட்டு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

அவளைக் கூப்பிட்டு வரத்தான் போனேன். கூட்டம் அதிகமாக இருந்தது. வெளியில் ஸ்கூட்டர் அருகே நின்றுகொண்டிருந்தேன்.

4 ஏப்ரல்

ஈஸ்டர். அம்மா அதிகாலை ஆராதனைக்குப் போனாள். நான் விடைத்தாள் திருத்தினேன். ஒன்றும் திருத்தி முடியவில்லை.

6 ஏப்ரல், செவ்வாய்

ஓட்டுப் போட்டேன். வலது கைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை தந்தார்கள். உள்ளே போகும்போது வரிசையில் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றோம்; வெளியே வந்தால் கழற்றி எறிந்த உறைகள் குப்பைத் தொட்டிக்கு வெளியே காற்றில் பறந்துகொண்டிருந்தன. ஒரு நாடே சேர்ந்து நாடகம் போடும்போது மனோகரன் அண்ணாச்சியை மட்டும் கோபித்து என்ன ஆகப்போகிறது?

10 ஏப்ரல், சனி

பெரிய வெள்ளிக் கஞ்சிக்கு வந்திருந்த இருவருக்குப் பாசிட்டிவ். அவசரக் கமிட்டி கூடினோம். அரசாங்கம் ஏதேதோ கட்டுப்பாடு சொல்லிவிட்டு, வழிபாட்டுத் தலங்களைத் திறந்தும் திறக்காமலும் விட்டிருக்கிறது. முடிவு எங்கள் தலையில்.

முதல் தடவையாக ஐயர் வாய் திறந்து, “மூடிரலாமோன்னு தோணுது” என்றார். பாதிப்பேர் சரி என்றார்கள். பாதிப்பேர் போன வருடம் மூடியதில் பிள்ளைகள் ஜெபத்தையே மறந்துவிட்டதாகச் சொன்னார்கள். சமமாக நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“டீச்சர் ஓட்டு எங்கன்னு கேக்கவே வேண்டாம்” என்றார் அண்ணாச்சி. “மூடியாச்சுன்னு எழுதிக்கிடுங்க ஐயரே. பூட்டு வாங்குதது என் செலவு.”

திறந்தவெளியில் நடத்தலாம் என்றேன். கோயில் மைதானத்தில், நாற்காலிகளை ஆறடி தள்ளிப் போட்டு. பதினெட்டாம் தேதி வரை நடத்திவிட்டு, பிறகு நிலைமையைப் பார்த்து மூடலாம்.

“பதினெட்டு எதுக்கு?” என்று, அம்மாவுக்கு அந்த நாளைக் கொடுத்த ஐயரே கேட்டார். ஒரு கெடு வேண்டுமே என்றேன்.

திறந்தவெளியில் தொற்று குறைவு என்பதற்கு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. நான் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. அப்பாவின் ஆராதனையைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வீட்டுக்கு வருவதற்குள் சபை வாட்ஸ்அப்பில் அண்ணாச்சியின் செய்தி: “பேராசிரியர் டாக்டர் பியூலா அவர்களின் அறிவியல் ஆலோசனைப்படி ஆராதனைகள் முழுப் பாதுகாப்புடன் மைதானத்தில் நடைபெறும். அனைவரும் பயமின்றி வருக.”

“பயமின்றி” என்று நான் சொல்லவில்லை. அம்மாவிடம் வாட்ஸ்அப் கிடையாது, நானும் காட்டவில்லை. சாயங்காலம் நானே போய் நாற்காலிக்கு நாற்காலி நாடாவால் அளந்து சுண்ணாம்புப் பொடியில் குறி போட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

11 ஏப்ரல், ஞாயிறு

கோயில் மைதானம் கட்டடத்துக்குக் கிழக்கே இருக்கிறது. சாயங்காலம் நான் குறி போட்டபோது கோபுரத்தின் நிழல் மைதானம் முழுக்கக் கிடந்தது. காலையில் சூரியன் எந்தப் பக்கம் இருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. முதுநிலைப் பட்டத்துக்கு மேல் ஒரு முனைவர் பட்டமும் இருக்கிறது.

எட்டு மணிக்கெல்லாம் பாளையங்கோட்டை வெயில் பிளாஸ்டிக் நாற்காலியைச் சுட ஆரம்பித்தது. மைதானத்தில் இருப்பது ஒரே ஒரு வாகை மரம். முதலில் ஒருவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நிழலுக்குப் போனார். பிறகு ஒரு குடும்பம். முதல் பாட்டு முடிவதற்குள் மொத்தச் சபையும் மரத்தடியில். கோயிலுக்குள் உட்கார்ந்திருந்தால்கூட இவ்வளவு நெருக்கம் வந்திருக்காது. என் சுண்ணாம்புக் குறிகள் வெயிலில் தனியாக, சரியான இடைவெளியில் இருந்தன.

“தள்ளிப் போடுங்க, தள்ளிப் போடுங்க” என்று இரண்டு பக்கமும் ஓடினேன். “எங்கன தள்ள? மரத்தத்தான் தள்ளணும்” என்றது ஒரு குரல். பின்வரிசை சிரித்தது.

அப்போதுதான் ஆட்டோவிலிருந்து ரெத்தினபாய் சித்தி இறங்குவதைப் பார்த்தேன். பட்டுச்சேலை. கையில் பாமாலைப் புத்தகம்.

“என்ன சித்தி, நீங்க ஏன்...”

“நீயே சரின்னுட்டியாமே. மெசேஜ் வந்துச்சு. அதான் வந்துட்டேன்.”

அவரை வெயிலில் தனியாக ஒரு குறியில் உட்காரவைத்தேன். கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்துவிட்டது. “வெயில் தாங்கலடி, மயக்கம் வருது” என்று தானே எழுந்து மரத்தடிக்குப் போய், அம்மாவுக்கும் இன்னொருத்திக்கும் நடுவே நாற்காலியைச் செருகிக்கொண்டார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருடம் கழித்துப் பார்க்கிறார்கள். இரண்டு பேரும் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு ஒரே புத்தகத்தில் பாடினார்கள்.

ஆராதனையை நிறுத்தும்படி ஐயரிடம் சொல்லியிருக்கலாம். அவர் நிறுத்தியிருக்க மாட்டார்.

13 ஏப்ரல்

அம்மா சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் போன் செய்து யார் யார் வருகிறார்கள் என்று விசாரிக்கிறாள். காலையில் மூன்று இட்லி சாப்பிட்டாள்.

15 ஏப்ரல், வியாழன்

ஐயருக்குக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்திலேயே இருமினார் என்கிறார்கள். எனக்குக் கேட்கவில்லை. நான் நாற்காலிகளைத் துரத்திக்கொண்டிருந்தேன்.

16 ஏப்ரல், வெள்ளி

ரெத்தினபாய் சித்திக்குக் காய்ச்சல்.

17 ஏப்ரல், சனி

ஆக்சிமீட்டரைக் கூடையில் வைத்து மேலே அனுப்பினேன். ஆக்சிஜன் அளவை ஜன்னலிலிருந்து கத்திச் சொன்னார். தப்பாகப் பார்க்கிறார் என்று நினைத்து மறுபடி பார்க்கச் சொன்னேன். தப்பாகப் பார்க்கவில்லை.

ஆம்புலன்ஸ் வரவே மதியம் ஆனது. மூன்று தனியார் ஆஸ்பத்திரிகளில் இடம் இல்லை. கடைசியில் அரசுப் பெரியாஸ்பத்திரிக்கு வெளியே ஆம்புலன்ஸ் வரிசையிலேயே ஆக்சிஜன் வைத்துக் காத்திருந்து, இருட்டுவதற்கு முன் ஒரு படுக்கை கிடைத்தது. சித்தியின் தம்பி மகன் வின்சென்ட் கூட இருந்தான். உள்ளே போகும்போது சித்தி மாஸ்க்குக்குள்ளிருந்து என்னிடம் ஏதோ சொன்னார். என்னவென்று புரியவில்லை. தலையாட்டினேன்.

வந்து அம்மாவிடம், நாளைக்கு ஆராதனை இல்லை என்றேன். ஐயரும் படுத்துவிட்டார், கமிட்டி மூடிவிட்டது. எல்லா வாக்குவாதத்துக்கும் தயாராக இருந்தேன்.

“அத விடு. ரெத்தினம் எப்படி இருக்கா?”

சொன்னேன்.

“ஒரு வருஷமா படி எறங்காதவ. அன்னைக்கு ஏன் வந்தா?”

கை கழுவப் போனேன்.

18 ஏப்ரல், ஞாயிறு

மனோகரன் அண்ணாச்சி சித்தியைப் பற்றி விசாரிக்க வீட்டு போனுக்கு அடித்தார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். அம்மா எடுத்தாள். அவர் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை. குளியலறை வரை கேட்டது. “டீச்சரே பதினெட்டு வரைக்கும் நடத்தலாம்னு சொன்னதாலதாம்மா நாங்க தைரியமா...”

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தேன். அம்மா போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

“நீயா சொன்ன?”

“திறந்தவெளியில ஆபத்து கம்மி. அதுக்கு ஆதாரம் இருக்கு.”

“நான் ஆதாரம் கேக்கல. மூடணும் மூடணும்னு மார்ச் மாசத்துலருந்து அவனுவளோட மல்லுக்கட்டுனவ நீ. அன்னைக்கு ஏன் மாத்திச் சொன்ன?”

துண்டைக் கொடியில் போடப் போனேன்.

“எனக்காவயா?”

“நீ சாப்பிடவே இல்ல. எட்டு மாசமா. அந்தத் தேதிய வட்டம் போட்டு வச்சதுக்கு அப்புறம்தான்...”

“நான் ஒங்கிட்ட கேட்டனா?”

“கேக்கல.”

“தள்ளி வைப்போம்னு சொல்லிருந்தா மாட்டேன்னு சொல்லிருப்பனா? ஒங்கப்பா எங்கயும் போவல, அங்கனதான் இருக்காரு. அடுத்த வருஷம் பாடுனாலும் கேப்பாரு. ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டியா நீ?”

கேட்கவில்லை. கேட்டிருந்தால் ‘அது ஆண்டவருக்குத் தெரியும்’ என்றுதான் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். இதுவும் ஒரு அனுமானம்தான், ஆதாரம் இல்லை.

மதியம் அவள் சாப்பிடவில்லை. நானும்.

21 ஏப்ரல், புதன்

சித்தியின் நிலைமை அப்படியே. வார்டிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு தடவை வின்சென்டுக்குப் பேசுகிறார்கள். அவன் எனக்குச் சொல்கிறான். நான் அம்மாவுக்குச் சொல்கிறேன். இதைத் தவிர எனக்கும் அம்மாவுக்கும் பேச்சில்லை.

ஆன்லைன் வகுப்பில் ஒரு மாணவி, “மேம், வெளியில கூடினா பரவாதுதானே?” என்று கேட்டாள். நெட் சரியில்லை என்று சொல்லி வகுப்பை முடித்தேன்.

24 ஏப்ரல், சனி

திங்கள் முதல் எல்லா வழிபாட்டுத் தலங்களும் மூடல். அரசு உத்தரவு. டீ, வாக்கெடுப்பு, வாட்ஸ்அப் சண்டை எதுவும் இல்லாமல் ஒரே வரியில் முடிந்துவிட்டது. ஆறு வாரமாக நான் கேட்டது இதைத்தான். செய்தியைக் கேட்டுவிட்டு டிவியை நிறுத்தினேன். எரிச்சலாக இருந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

25 ஏப்ரல், ஞாயிறு

ரெத்தினபாய் சித்தி போய்விட்டார். காலையில்.

அண்ணாச்சி போன் செய்தார். அவருக்கும் பாசிட்டிவ், அந்தக் குரல் பாதியாக இருந்தது. “டீச்சர், அந்த மெசேஜ நான் போட்டிருக்கக் கூடாது.”

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி எவ்வளவு ஆசையாக இருந்தது. “ஒங்க மெசேஜ்ல பொய் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி” என்றேன். “பயமின்றி” என்ற வார்த்தையைப் பற்றி நான் பேசவில்லை. அவர் அழுதார் என்று நினைக்கிறேன், இருமலாகவும் இருக்கலாம்.

பிறகு ஐயர். மூச்சு வாங்க வாங்கப் பேசினார். தன்னால் எழ முடியாது, பக்கத்துச் சேகரத்து ஐயரும் படுக்கையில், நாளைக்கு அடக்கத்தில் யாராவது ஜெபப் புத்தகத்திலிருந்து வாசிக்க வேண்டும். கமிட்டியில் நடமாடுகிற ஆள் நான் ஒருத்திதான்.

“ஐயரே, எனக்கு இதிலெல்லாம்...” என்று ஆரம்பித்தேன். இருபது வருடமாக எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்று இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது, இப்போது?

“தெரியும் டீச்சர்” என்றார். “வாசிங்க. போதும்.”

26 ஏப்ரல், திங்கள்

அம்மா கிளம்பி நின்றாள். வரக் கூடாது என்றேன். “நீ வாசி. நான் வாரேன்” என்றாள். ஒரு வாரத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் என்பதால் வாதிடவில்லை. இரண்டு மாஸ்க் போடவைத்தேன்.

கல்லறைத் தோட்டத்தில் கவச உடைக்காரர்கள் ஏற்கெனவே வேலையைத் தொடங்கியிருந்தார்கள். வின்சென்ட் கேட் பக்கம் நின்று, கனடாவுக்குக் காட்ட போனை உயர்த்திப் பிடித்திருந்தான். நான் தள்ளி நின்று புத்தகத்தைத் திறந்தேன். அடுத்த குழி தோண்டிக்கொண்டிருந்த ஜே.சி.பி.யை நிறுத்தச் சொல்லலாமா என்று தெரியாமல், அதன் சத்தத்தோடு சேர்த்தே வாசித்து முடித்தேன். மண்ணுக்கு மண் என்ற இடத்தில் மட்டும் என் குரல் எனக்கே கேட்டது. கவச உடைக்காரர்களில் ஒருவர் கையைத் தூக்கிக் காட்டினார், முடிந்தது என்று. அடுத்த வண்டி வாசலில் நின்றது.

நான் கேட்டைப் பார்த்து நடந்தேன். அம்மா எதிர்ப்பக்கம் நடந்தாள். நான்கு வரிசை தாண்டி, சிமெண்ட் சிலுவை மட்டும் நட்ட மேட்டருகே போய் நின்றுகொண்டாள். அப்பா. பின்னாலேயே போனேன்.

“இங்கயும் வாசிச்சிரு” என்றாள்.

“இப்பவா? யாருமே இல்லியேம்மா. எல்லாரும் வரணும்னுதான நீ...”

“யாரையும் கூப்புடாண்டாம். ரெத்தினம் வந்தது போதும். நீ வாசி.”

“கிட்ட வராத. அங்கயே நில்லு” என்றேன். ஆஸ்பத்திரி வாசலில் அத்தனை நேரம் நின்று வந்தவள் நான். அவள் சிலுவைக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். பக்கத்தைப் புரட்டி அதே வார்த்தைகளை மறுபடி வாசித்தேன். பெயர் வரும் இடத்தில் ‘சகோதரி’யை ‘சகோதரன்’ ஆக்கி, சாமுவேல் பொன்ராஜ் என்று சொன்னேன். அப்பாவின் முழுப்பெயரைச் சத்தமாகச் சொல்லி எவ்வளவு காலமாகிறது. வேகமாக வாசித்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அம்மாவுக்குக் குடை எடுத்து வரவில்லை, வழியில் போலீஸ் நிறுத்தினால் என்ன சொல்வது என்று யோசனை ஓடிக்கொண்டிருந்தது. ஆமென் என்று புத்தகத்தை மூடினேன்.

அம்மா ஆமென் சொல்லவில்லை.

“என்னம்மா?”

“ஒண்ணுமே கேக்கல. அந்த மாஸ்க்குக்குள்ள என்னத்தயோ முணுமுணுக்க. அவருக்கு வலது காது மந்தம்லா, மறந்துட்டியா?”

“மாஸ்க்க எடுக்க மாட்டேன்.”

“எடுக்காத. சத்தமா வாசி.”

கேட்டருகே அடுத்த குடும்பத்தார் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குப் பொது இடத்தில் குரல் உயர்த்தும் பழக்கமில்லை. கமிட்டியில் கத்தியதெல்லாம் வேறு. புத்தகத்தை மறுபடி திறந்து, முதல் வரியிலிருந்து, கத்தி வாசித்தேன்.